சில்லறையாகத் தொலைந்த 60 மில்லிமீட்டர்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பட்டறையைச் சாத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளை மைவி கார் வாசலில் ஏறியது. ஏறும்போதே அடிவயிற்றில் ‘கர்ரக்’ என்று ஒரு சத்தம். என் வாசலில் தார் ரோட்டுக்கும் சிமெண்ட் தரைக்கும் நடுவே நாலு விரல் உயரம்கூட இருக்காது. அதிலேயே இடித்தது.

ஓட்டி வந்த தம்பிக்கு 24 வயது. ஈப்போவில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட். வீடு இங்கே சுங்கை சிப்புட்டில், லாசா ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தோட்டத்தில். பழைய லயத்து வீடு. கார் 2008 மாடல் 1.3 மேனுவல், கை மாறி வந்தது. முந்தைய சொந்தக்காரர் இரண்டரை இன்ச் பைப்பில் எக்ஸோஸ், அதாவது புகைக்குழாய், கட்டி, காரையும் இறக்கி, 15 இன்ச் ரிம் போட்டிருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

“அண்ணே, எக்ஸோஸ் இடிக்குது. கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்க, போதும்லா.”

எப்போது இடிக்கிறது என்று கேட்டேன். வேலைக்குப் போகும்போது இடிப்பதே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா, பாட்டி, இரண்டு தங்கச்சிகளோடு கோயிலுக்குப் போனால் தோட்டத்து வாசல் பம்ப்பில், அதாவது வேகத்தடையில், இடிக்கும், உள்ளே மண்ரோட்டில் இன்னும் மோசம். அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் இருந்தது. நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் நான் செய்தது

காரைத் தூக்கும் ஹொய்ஸ்ட்டில் வேறொரு கார், ஒரு சாகா, கியர்பாக்ஸ் கழற்றிய நிலையில் நின்றது. அதனால் மைவியைக் குழிமேல் நிறுத்தி, கீழே இறங்கிப் பார்த்தேன். எக்ஸோஸைத் தாங்கும் ரப்பர்கள் எல்லாம் இழுபட்டுப் பழைய செருப்பு வார் மாதிரித் தொங்கின. அவற்றைக் கழற்றிவிட்டுக் குட்டையான, கெட்டியான ரப்பர் மாட்டினேன். பைப் 15 மில்லிமீட்டர் மேலே போனது. பின் அச்சின் குறுக்குச் சட்டம், அதாவது பீம், அதற்கும் அடியில் போகும் பைப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடம் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். 45 ரிங்கிட் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

எட்டாம் நாள் போன் வந்தது. “அண்ணே, இப்ப அவ்வளவா இடிக்கல. ஆனா பின்னால யாரோ கதவத் தட்டுற மாதிரியே இருக்கு.”

இந்த முறை ஹொய்ஸ்ட்டில் ஏற்றினேன். கார் தரையை விட்டு எழும்பியதும் பின் சக்கரங்கள் தொங்கின, பீமும் அவற்றோடு இறங்கி நேராகப் பைப்பின்மேல் உட்கார்ந்தது. பைப்பின் மேல்பக்கம் சுண்டுவிரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு பள்ளம். எட்டு நாளில் அடித்து அடித்து விழுந்த பள்ளம்.

சக்கரமும் பீமும் ஒரு கூட்டம், உடம்பும் எக்ஸோஸும் இன்னொரு கூட்டம். நடுவில் ஸ்பிரிங். பம்ப்பைத் தாண்டிப் பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பீம் உடம்பைவிட்டு விலகிக் கீழே போகும். பைப் பீமுக்கு அடியில் போனால் அந்த நேரத்தில் அடிதான். சக்கரம் தரையில் இருக்கும்போது இரண்டு விரல் இடம் என்பது கணக்கே இல்லை. குழியில் நின்று பார்க்கிற எவருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இத்தனை வருடம் இதே வேலையைச் செய்கிறேன்.

கெட்டி ரப்பர் இன்னொரு கெடுதலும் செய்திருந்தது. இந்த எக்ஸோஸைக் கட்டியவர்கள் முன்பக்கம் இருக்க வேண்டிய ஃபிளெக்ஸியை, அந்த வலைக்குழாயை, எடுத்துவிட்டு நேர்ப் பைப்பை வெல்டிங் அடித்திருந்தார்கள். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்த கார் இது. ஆக்சிலரேட்டர் கொடுத்து விடும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை விழுங்கிக்கொள்ளத்தான் ஃபிளெக்ஸி. அது இல்லாதபோது பழைய தொளதொள ரப்பர்தான் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதையும் பிடுங்கிவிட்டேன். போதாததற்குச் சூடு: இரண்டரை மீட்டர் இரும்புப் பைப் 250 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீள இடம் கொடுக்காவிட்டால் எங்கேயாவது வெடிப்பு விடும். தோங், அதாவது கடைசியில் சத்தத்தை அடக்கும் டப்பா, தொடங்கும் இடத்தில் வெல்டிங் ஓரமாக முடி அளவு விரிசல் ஏற்கெனவே விட்டிருந்தது.

45 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பழைய ரப்பர்களையே மறுபடி மாட்டினேன். கார் எப்படி வந்ததோ அந்த நிலையிலிருந்து அளந்தால்தான் கணக்கு நேராக வரும். “அடுத்த ஞாயிறு குடும்பத்தோட வா தம்பி” என்றேன்.

ஆளோடு அளப்பது

ஐந்து பேரும் வந்தார்கள். முதலில் டயர் காற்று. பின்னால் 22தான் இருந்தது. நாலு டயரையும் 32-க்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாமல் உயரம் அளப்பது, காலணியோடு ஒருவரையும் காலணி இல்லாமல் இன்னொருவரையும் அளப்பது போல.

காலி காரில் ஆகத் தாழ்ந்த இடம், பைப்பின் நடுவே சத்தம் குறைக்கும் உருளையான ரெசொனேட்டருக்குப் பின்னால் உள்ள ஃபிளெஞ்ச், அதாவது இரண்டு பைப்பைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டு. தரையிலிருந்து 104 மில்லிமீட்டர். ரெசொனேட்டரின் வயிறு 113. பீமுக்கு அடியில் பைப் 121. எஞ்சின் ஆயில் சம்ப் 138.

பிறகு எல்லாரையும் ஏறச் சொன்னேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “எத்தன கிலோன்னு மட்டும் கேக்காதீங்க” என்றார். கேட்கவில்லை. ஆனால் காருக்குத் தெரிந்தது. ஃபிளெஞ்ச் 104-லிருந்து 75-க்கு வந்தது. ரெசொனேட்டர் 86. பீமுக்கு அடியில் 121 இருந்தது 85. பின்னால் போகப்போக இறக்கம் அதிகம், மூன்று பேர் பின்னால்தானே. சம்ப் 120-ல் நின்றது, அது முன்பக்கம்.

தம்பி குனிந்து பார்த்துவிட்டு, “75-ஆ?” என்றான். தோட்டத்து வாசல் பம்ப்பை நான் முந்தின நாளே போய் அளந்து வைத்திருந்தேன். நடுவில் 70. ஊர்ந்து போனால் 5 மில்லிமீட்டரில் தப்பலாம். ஊர்ந்து போகிற 24 வயதுப் பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பின்சீட்டிலிருந்து பாட்டி இன்னொன்றும் சொன்னார். பின்னால் உட்கார்ந்தால் புகை வாடை வருகிறதாம், கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் தலை கனக்கிறதாம். பேரன் அதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டிருக்கிறான். ஃபிளெஞ்ச் கேஸ்கெட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. இடித்து இடித்து போல்ட் தளர்ந்து, புகை அங்கேயே கசிந்து காருக்கு அடியில் தங்கியிருக்கிறது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, நிறமும் கிடையாது. மற்ற புகை வாடையோடு சேர்ந்து வந்ததால்தான் பாட்டிக்குத் தெரிந்தது. உரசல் சத்தத்தைவிட இதுதான் அவசரம். அன்றே அந்த கேஸ்கெட்டை மாற்றி இறுக்கிவிட்டேன், கண்ணாடியை இறக்கி ஓட்டச் சொன்னேன். ஃபிளெஞ்ச் காதில் காய்ந்த லாலாங் புல்லும் ஒரு கொத்து சிக்கியிருந்தது, பாதி கருகி.

சிராய்ப்பைப் படிப்பது

இடிக்கிற கார் எது வந்தாலும் இப்போது நான் முதலில் டார்ச் அடித்துச் சிராய்ப்பைத்தான் பார்க்கிறேன். எங்கே இடிக்கிறது என்பதோடு, எதில் இடிக்கிறது என்பதையும் அது சொல்லும்.

ஃபிளெஞ்சின் முன்முகம் மழுங்கி, கீறலில் தார் கறுப்பு ஒட்டியிருந்தது. அது பம்ப்பின் வேலை. ரெசொனேட்டரின் வயிற்றில் நீளவாக்கில் கோடு கோடாகச் சிராய்ப்பு, இடுக்கெல்லாம் செம்மண் அப்பிக் காய்ந்திருந்தது. அது தோட்டத்து ரோட்டின் நடுமேடு. பீமுக்கு அடியில் உள்ள பைப்பில் மட்டும் சிமெண்ட் வெளுப்பு. அது எங்கே என்று தம்பிக்குத் தெரியவில்லை. அம்மாதான், “லயத்துக்கு முன்னால அந்தச் சின்னப் பாலம் இருக்குல்ல, கூன் விழுந்த மாதிரி” என்றார்.

ஆக மூன்று தடைகள், மூன்றும் மூன்று மாதிரி. பம்ப் குட்டை. காரின் முன்சக்கரமும் பின்சக்கரமும் சமதரையில் இருக்கும்போதே அது முழுசாகக் காருக்கு அடியில் அடங்கிவிடும். அதனால் காரின் கீழ் எந்த இடம் தாழ்ந்திருந்தாலும் அங்கே இடிக்கும். பாலத்தின் கூன் வேறு. அது நீளமானது, முன்சக்கரம் இறங்கத் தொடங்கும்போதும் பின்சக்கரம் ஏறிக்கொண்டிருக்கும். அங்கே காரின் நட்டநடுவுக்குத்தான் ஆபத்து அதிகம், சக்கரத்தை ஒட்டிப் போகப்போகக் குறையும். இந்த மைவியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள நீளம், 2440 மில்லிமீட்டர். வட்டமான கூனாக இருந்தால், நட்டநடுவில் 100 மில்லிமீட்டர் தேவைப்படுகிற இடத்தில், முன் அச்சிலிருந்து 600 மில்லிமீட்டர் தள்ளி 74 போதும். ஒரே ரெசொனேட்டர், ஒரே உயரம், இடத்தை மட்டும் மாற்றினாலே கால்வாசி ஆபத்து போய்விடும்.

நடுமேடு மூன்றாவது வகை. தோட்டத்தில் ரப்பர் மரம் இருந்த காலத்தில் பால்வாளியும் சைக்கிளும் போன பாதைகள் இவை. செம்பனை வந்த பிறகு டிராக்டரும் டிரெய்லரும் போகின்றன. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெட்டு, ஒவ்வொரு குலையும் 20 கிலோ பக்கம், மழையிலும் ஏற்றித்தான் ஆக வேண்டும். சக்கரம் போகிற இடம் பள்ளமாகி, போகாத நடு மேடாகி நிற்கிறது. கிரேடர் வந்து சீவும்வரை அப்படித்தான். அந்த ரோட்டில் மோசமான ஒரு 200 மீட்டரில் மேடு 90-லிருந்து 110 வரை இருந்தது.

“டிராக்டர் போற பள்ளத்துல ஏன்டா விடுற? ஒரு சக்கரத்த மேட்டுல விடு, இன்னொன்ன ஓரத்துல விடு. ஒங்கப்பா மோட்டார் ஓட்டுனப்பவே சொல்லுவாரு” என்றார் அம்மா. இருபத்தைந்து வருடம் அந்த ரோட்டில் நடந்து வேலைக்குப் போனவர். நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

வாழைத்தண்டுச் சோதனை

நின்ற காரில் 75 என்பது சரி. ஓடும் காரில் எவ்வளவு? பம்ப்பை இறங்கியதும் கார் ஒரு முறை உட்கார்ந்து எழும். அந்த உட்காரும் நொடியில்தான் உரசல். அதை அளக்க என்னிடம் கருவி எதுவும் இல்லை. பட்டறைக்குப் பின்னால் குலை வெட்டிய வாழைமரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. தண்டைக் கத்தியால் 50, 60, 70 மில்லிமீட்டர் என்று துண்டு போட்டேன். இடித்தாலும் காருக்கு ஒன்றும் ஆகாது, வெட்டுப்பட்டால் அடையாளம் நிற்கும்.

தோட்டத்து வாசலில், பம்ப் தாண்டிக் கார் உட்காரும் இடத்தில், ஃபிளெஞ்ச் போகிற கோட்டில் மூன்றையும் நிறுத்தி வைத்தேன். ஐந்து பேரோடு, 20 கிலோமீட்டர் வேகத்தில். காவலாளி எங்களைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. 70 பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. 60-ன் தலையில் ஒரு பக்கம் சீவிவிட்டது போல வெட்டு. 50 நின்றது. அதாவது நின்ற நிலையில் இருக்கிற 75-ல் ஓட்டத்தில் 15-க்கு மேல் போய்விடுகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சோர்பர் ஓய்ந்துபோனதற்கும் அதுதான் சாட்சி. பம்ப் தாண்டிய பிறகு கார் மூன்று தடவை ஆடியது.

எங்கே போனது உயரம்

இதை நான் ஒரு காகிதத்தில் எழுதித் தம்பியிடம் காட்டினேன். எக்ஸோஸ் மட்டும்தான் குற்றவாளி என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், முதல் நாள் நானும் அப்படித்தான். உண்மையில் உயரம் மொத்தமாகத் தொலையவில்லை. நாலைந்து பேர் நாலைந்து தடவையில் சில்லறை சில்லறையாக எடுத்திருக்கிறார்கள்.

ஸ்பிரிங். இறக்கும் ஸ்பிரிங் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் கம்பெனி ஸ்பிரிங்கையே கிரைண்டரால் ஒரு சுற்று வெட்டியிருக்கிறார்கள். ஹொய்ஸ்ட்டில் சக்கரம் தொங்கும்போது பின் ஸ்பிரிங்கைக் கையாலேயே சுற்ற முடிந்தது. வேகமாக ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் அது இடம் மாறி உட்காரும். அதே வருடத்து, கை வைக்காத இன்னொரு மைவியோடு ஃபெண்டர் உயரத்தை ஒப்பிட்டேன். நடுவில் கணக்குப் போட்டால் 30 மில்லிமீட்டர் போயிருக்கிறது.

ஃபிளெஞ்ச். இரண்டு போல்ட் வைக்கும் காது ஃபிளெஞ்ச் அது. காதுகளை மேலும் கீழுமாக வைத்து வெல்டிங் அடித்திருந்தார்கள். காதோடு காது 130, குறுக்கே 90. கீழே நீட்டிய காதினால் மட்டும் 20 மில்லிமீட்டர் நஷ்டம். படுக்கை வாட்டத்தில் வைத்திருந்தால் ஒரு காசு செலவில்லை. அவசரத்தில் கை எட்டுகிற பக்கம் போல்ட் வைத்துவிட்டுப் போனார்கள்.

ரப்பர் தொங்கியதில் 10.

டயர். 195/45 ஆர்15 போட்டிருந்தது, விட்டம் 556 மில்லிமீட்டர். 14 இன்ச் ரிம்மில் 175/65 போட்டால் 583. பாதியைக் கணக்கில் எடுத்தால் உயரத்தில் 13 மில்லிமீட்டர் போய்விட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: சின்ன டயர் அதிகம் சுற்றும், அதனால் ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும். ஹைவேயில் 110-ல் போகிறேன் என்று தம்பி சொல்லும்போது கார் 105-ல்தான் போகிறது.

கடைசியாகப் பைப். பழைய பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். இல்லையாம், காரோடு சேர்த்துக் கொடுத்தார்களாம், இப்போது வீட்டுக்குப் பின்னால் பாகற்கொடிப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறதாம். போய் அளந்தோம். 42 மில்லிமீட்டர். இப்போது இருப்பது 63.5. ஒரு 1.3 எஞ்சினுக்கு இரண்டரை இன்ச் என்பது ஐந்து பேர் வீட்டுக்குக் கல்யாண அண்டா வைத்துச் சமைப்பது மாதிரி. இரண்டு இன்ச் பைப்பே தாராளம். சொன்னேன். “சத்தம் போயிடும்ணே” என்றான். சரி, அவன் கார்.

சரிசெய்தது

பைப் முழுவதையும் இறக்கினேன். காரில் இருக்கும்போதே வெல்டிங் அடிப்பது எனக்குப் பிடிக்காது. பெட்ரோல் டாங்கி பக்கத்திலேயே இருக்கிறது, கம்ப்யூட்டர் பாக்ஸ் வேறு. பொருத்திப் பார்க்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒரு புள்ளி மட்டும் வைப்பேன், பிறகு இறக்கி வெளியே வைத்து முழு வெல்டிங்.

முன்னால் புது ஃபிளெக்ஸி. ஃபிளெஞ்ச் காதுகள் படுக்கையாக, போல்ட் மிச்சத்தை வெட்டி வழவழப்பாக்கி. நடுவில் இருந்த நாலு இன்ச் உருட்டு ரெசொனேட்டரை எடுத்துவிட்டு, 80 மில்லிமீட்டர் உயரமுள்ள சப்பை ரெசொனேட்டர் ஒன்றை 60 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி வைத்தேன். அது இருந்த நட்டநடு இடத்தில் பைப்பையே சப்பையாக்கினேன். பிரஸ்ஸில் பைப்பை வைத்து, இரண்டு பக்கமும் 45 மில்லிமீட்டர் இரும்புக் கட்டை நிறுத்தி அமுக்கினால் 45-க்கு மேல் அமுங்காது. 63.5 வட்டம் 45 உயரம், 74 அகலமாக மாறும். சுற்றளவு மாறாது, புகை போகிற வழி ஒன்பது சதவீதம் போலத்தான் குறையும். ஏற்கெனவே அண்டா சைஸ் என்பதால் எஞ்சினுக்கு அது தெரியப்போவதில்லை.

பீம் இருந்த இடம்தான் கஷ்டம். அடியில் விட்டால் மேலே தூக்க முடியாது, அந்தப் பாடம் எட்டு நாளில் கற்றாகிவிட்டது. பீமுக்கு மேலே இடம் இருந்தது. இரண்டு வளைவு போட்டு மேலாக எடுத்தேன். மேலே போனால் ஆபத்து தலைகீழாகும்: சக்கரம் தொங்கும்போது அல்ல, கார் அமுங்கும்போது பீம் பைப்பை இடிக்கும். அதனால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜெக் வைத்துப் பீமை இனி மேலே போகாது என்கிற வரை தூக்கிப் பார்த்தேன். அப்போதும் பைப்புக்குக் கீழே 20 மில்லிமீட்டர் இடம் மிச்சம். சக்கரத்தைத் தொங்கவிட்டும் பார்த்தேன், இந்த முறை மறக்கவில்லை. பிறகு ரப்பர், கம்பெனி ரப்பர் மாதிரி நடுத்தர இளக்கமுள்ளது.

எக்ஸோஸ் வேலை அத்தனையும் சேர்த்து 30 மில்லிமீட்டர் திரும்பி வந்தது. மிச்சம் ஸ்பிரிங்கில் இருந்தது. அங்கேதான் தகராறு.

“ஒரிஜினல் ஸ்பிரிங் போட்டா கார் நோஞ்சான் மாதிரி நிக்கும்ணே. சுருளுக்கு நடுவுல ரப்பர் வெப்பாங்கல்ல, அத வெச்சி ஏத்துங்க.”

அந்த ரப்பர் கடையில் கிடைக்கும், மலிவுதான். வைக்க மாட்டேன் என்றேன். வெட்டிய ஸ்பிரிங்கில் ரப்பரையும் செருகினால் மிச்ச சுருள்கள்மேல் பாரம் போய், அது ஒரு நாள் உடையும். பாட்டியை ஏற்றிக்கொண்டு போகிற காரில் நான் அதைச் செய்ய முடியாது. இன்னொன்றும் சொன்னேன்: நாளைக்குக் காரை விற்றுப் பெயர் மாற்றப் போனால் புஸ்பகோம் நிலையத்தின் பி5 வாகனச் சோதனையில் வெட்டிய ஸ்பிரிங்கோடு நிற்க முடியாது. தம்பி யோசித்துக்கொண்டே இருந்தான். அம்மா கைப்பையைத் திறந்தார். “எவ்ளோ வெள்ளின்னு சொல்லுங்க. போட்டுருங்க.” அதோடு தகராறு முடிந்தது.

பழைய கார் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் நல்ல நிலையில் நாலு ஸ்பிரிங் கிடைத்தது. பின் அப்சோர்பர் இரண்டும் புதுசு, முன்னது தாங்கும். மாற்றியதும் அலைன்மெண்ட் பார்க்க அனுப்பினேன். உயரம் மாறினால் முன்சக்கரத்தின் கோணமும் மாறும், பார்க்காமல் விட்டால் டயரின் ஓரத்தைத் தின்றுவிடும். ஏற்கெனவே உள்ஓரம் கம்பி தெரிகிற அளவுக்கு வந்திருந்தது. மொத்தச் செலவு 940 ரிங்கிட். இதில் என் கூலியைக் குறைத்துக்கொண்டேன், முதல் நாள் வேலைக்கு அபராதமாக.

பிறகு

ஐந்து பேரோடு மறுபடி அளந்தேன். ஃபிளெஞ்ச் 75 இருந்தது 135. காதைத் திருப்பியதில் 20, ரப்பரில் 10, ஸ்பிரிங்கில் 30. புது ரெசொனேட்டர் 138, பீம் பக்கம் பைப் இப்போது கணக்கிலேயே இல்லை, பீம்தான் அதைவிடத் தாழ்வு. டயரிலுள்ள 13-ஐ இப்போதைக்கு விட்டுவைத்தோம். டயர் மாற்றும் காலம் வரும்போது அதே ரிம்முக்கு 185/55 போடலாம் என்று பேச்சு.

சத்தம் குறைந்துவிட்டது என்று தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம். கசிவு அடைபட்டதில் குறைந்த சத்தம் அது. அந்த டப்டப் எக்ஸோஸின் குரல் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவம். வாகன ஒலிக்கு 1987-லேயே விதிமுறை இருக்கிறது, அதிகாரிகள் ரோட்டில் நிறுத்திப் பார்த்தால் இந்தச் சத்தத்தோடு நிம்மதியாகப் பேசலாம் என்றேன். பாட்டிக்குத் தலைக்கனம் விட்டுப்போனது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு மறுபடி தோட்டத்து வாசலுக்குப் போனோம். இந்த முறை தண்டு 100, 110, 120 என்று வெட்டினேன். அதே இடம், அதே வேகம், அதே காவலாளி. 100-ம் 110-ம் நின்றன. 120-ன் தலையில் நகக்கண் அளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். மண்ரோட்டில் அந்த 200 மீட்டரைத் தம்பி ஒரு சக்கரத்தை மேட்டில் வைத்து ஓட்டினான், அம்மா பக்கத்திலிருந்து கையால் ‘இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்’ என்று காட்டிக்கொண்டே வந்தார். பாலத்தின் கூனில் ஏறி இறங்கும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திக் காது கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

இறங்கும்போது அம்மா அடிபடாத இரண்டு துண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். “நல்ல தண்டு. உள்தண்டு பொரியலுக்கு ஆகும். மரத்துல மிச்சம் இருக்கா?” இருந்தது. அறுத்துக் காரிலேயே ஏற்றிவிட்டேன்.